மீனை எரிக்கும் மருமகள்

எழில்,

நேற்று தொலைபேசியில் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் வேண்டும் என்றாய். "சரின்னு சொல்லுங்க, இல்ல முடியாதுன்னு சொல்லுங்க. விளக்கம் மட்டும் வேணாம்ப்பா" என்றாய். செங்கல்பட்டில் இத்தனை காலமாக மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருப்பவனிடம் விளக்கம் இல்லாத பதிலைக் கேட்பது, ஓட்டலுக்குப் போய் இலையை மட்டும் போடச் சொல்வதைப் போன்றது. அதனால்தான் போனை வைத்தேன். அப்பா கோபத்தில் வைத்துவிட்டார் என்று நீ நினைத்திருப்பாய். கோபமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா, புள்ளைய கலங்க வுட்டுட்டு நீங்க சிரிச்சிகினு கீறீங்க?" என்றாள். ஏன் சிரித்தேன் என்பதை அவளிடமும் சொல்லவில்லை. உனக்கு எழுதுகிறேன். கூரியரில் போடுகிறேன், நாளைக்கே உன் அறைக்கு வந்துவிடும். முழுவதையும் படி. கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. வினாத்தாளைக் கையில் வாங்கியதும் பின்பக்கம் திருப்பிப் பார்க்கும் வழக்கம் உனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு.

கேள்வி எதுவென்று நமக்குள் தெளிவாக இருக்கட்டும். முத்துச்செல்வி முதன்முதலாக நம் வீட்டுக்கு வந்த அன்று நான் ஒரு நிபந்தனை போட்டேன். கல்யாணம் ஆனதும் அவள் கல்பாக்கத்து அணுமின் நிலைய வேலையை விட்டுவிட வேண்டும் என்றேன். அவள் சரி என்றாள். இப்போது கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை விலகல் கடிதம் கொடுக்கப் போகிறாள் என்றும், நீ வேலை பார்க்கிற சிறுசேரிப் பக்கமே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு இடம் பார்த்திருக்கிறாய் என்றும் சொன்னாய். கடிதத்தைக் கொடுக்கட்டுமா, வேண்டாமா? இதுதான் கேள்வி. அவளுடைய வேலை என் நாக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரிகிறது. அதனால்தான் நாக்கை நம்பாமல் பேனாவை எடுத்தேன்.

அவள் செய்கிற வேலை என்ன என்பதை எனக்கு முதலில் சொன்னது நீ அல்ல, உன் மாமா தனபால். அதற்காகவும் உன்மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் புதுப்பட்டினத்திலிருந்து மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தான். மீன் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்திருந்தான். "வாத்யாரே, ஒன் புள்ளைக்கும் ஒரு டவுன்ஷிப் பொண்ணுக்கும் எங்கடையில சண்ட" என்றான். "ஒரே ஒரு வஞ்சிரம்தான் மிச்சம் கீது. இவன் எனக்குன்றான். அது நான்தான் மொதல்ல கேட்டேன்னுது. சரி, பொம்பளப் புள்ளையாச்சேன்னு அதுக்கே குடுக்கப் போனேன். கொழம்பா வறுவலாம்மான்னு கேட்டா, எரிக்கப் போறேன்னுது வாத்யாரே! மிசின்ல வெச்சி எரிச்சி, சாம்பலாக்கி, அந்தச் சாம்பல்ல இன்னா கீதுன்னு பாக்குமாம். வஞ்சிரத்த! மத்தி, காரப்பொடின்னா கூட மனசு தாங்கும்." அவன் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது.

மீனை மட்டுமல்ல, சுற்றுவட்டார ஊர்களின் பால், கீரை, இளநீர், கிணற்றுத் தண்ணீர் எல்லாவற்றையும் வாங்கிப் போய்க் கதிரியக்கம் ஏறியிருக்கிறதா என்று சோதிப்பதுதான் அவள் வேலை என்று அவனுக்கு நான் விளக்கினேன். ஒரு கூடை மீனில் இருப்பது ஒரு பிடி சாம்பலில் அடங்கிவிடும், கருவிக்கு அதுதான் வசதி என்றேன். அவன் சமாதானம் ஆகவில்லை. "அப்ப தலைய வுட்டுட்டு எரிக்கலாமில்ல?" என்றான். பிறகுதான் நீ செய்ததைச் சொன்னான். மீனைக் குறுக்கே வெட்டச் சொல்லி, தலைப்பக்கம் உனக்கு, வால்பக்கம் சாம்பலுக்கு என்று பங்கு போட்டாயாமே. அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு வந்தாயாமே. மீன் வாங்குகிறவன் காலையில் வருவான், வெயில் ஏறி வருகிறவன் வேறு எதற்கோ வருகிறான் என்று தனபாலுக்கே புரிந்துவிட்டது. நான் அன்று அவனெதிரில் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். ஆனால் அவன் போன பிறகு உன் அம்மாவிடம் இரண்டு தடவை அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவளுக்குத் தம்பியின் குரலை அப்படியே பேசிக் காட்ட வரும்.

எனக்கு அந்த இடத்தின் மேல் என்ன பகை என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய். நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்லியிருக்கிறேன். எல்லாமே உண்மைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் முந்தையது ஒன்று உண்டு. எம்.எஸ்ஸி. முடித்த ஆண்டு நான் அங்கே வேலைக்கு விண்ணப்பித்தேன். நிலையம் அப்போது கட்டி முடிந்திருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. உன் தாத்தா அடுத்தவர் நிலத்தில் வரப்பு அண்டை வெட்டிக்கொண்டிருந்தவர். அவர் வாங்கித் தந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். "உலையை நிறுத்திய பிறகும் அது ஏன் சூடாகவே இருக்கிறது?" என்று கேட்டார்கள். பிளவு நின்றாலும், பிளந்து விழுந்த துண்டுகள் சிதைந்துகொண்டே இருக்கும், அந்த வெப்பம் அடங்க வெகு காலம் ஆகும், அதனால் நிறுத்திய உலையையும் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்தச் சூட்டைக் கடலில்தானே கொட்டப் போகிறோம், மீன் என்ன ஆகும்?" என்று அவர்களிடமே திருப்பிக் கேட்டேன். வேலை கிடைக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். அந்தக் கேள்விதான் காரணம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மார்க் குறைவாகக்கூட இருந்திருக்கலாம். இப்போது வரைக்கும் எனக்குக் கேள்விதான்.

மன்னிக்கிற குணம் எனக்கு அமையவில்லை, எழில். என்னைவிட இளையவருக்குப் பதவி உயர்வு போன ஆண்டு எனக்கு இன்னும் ஆறவில்லை. உன் பெரியப்பா தன் மகள் கல்யாணத்தில் என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்ததையும் மறக்கவில்லை. அந்தப் பட்டியலில் முதலிடம் எப்போதும் கல்பாக்கத்து வெள்ளைக் குவிமாடத்துக்குத்தான். தொண்ணூறுகளில் நீ சின்னப் பையனாக இருந்தபோது டி.வி.எஸ். ஐம்பதில் முன்னால் நிறுத்திக்கொண்டு சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். தூரத்தில் தெரிகிற குவிமாடத்தைக் காட்டி "அது என்னப்பா?" என்றாய். "பெரிய இட்லிப் பானை" என்றேன். நீ நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப ஏன் ஆவியே வரல?" என்றாய். பகை, படிப்பு எல்லாம் மறந்து சிரித்துவிட்டேன். வண்டி மணலில் சரிந்து இருவரும் விழுந்தோம். அடி படவில்லை. விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தோம். என் இளமையில் எனக்குப் பிடித்த நாட்களைக் கேட்டால் அதைச் சொல்வேன்.

பள்ளிக்கூடத்தில் "அணுசக்தி: நன்மையும் தீமையும்" என்று கட்டுரைப் போட்டி வைத்தார்களே, அதையும் மறக்கவில்லை. தீமைப் பகுதியை முழுவதும் நான் சொல்லித் தந்தேன். நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டாய். போட்டியில் போய் நன்மையைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் "தீமைகளும் உண்டு என்று என் தந்தை கூறுகிறார்" என்று முடித்திருந்தாய். முதல் பரிசு வாங்கினாய். கொடுத்த எவர்சில்வர் தூக்கில் உன் அம்மா இன்றும் மோர் ஊற்றி வைக்கிறாள். எனக்கு அந்த மோர் இறங்குவதே இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் தினமும் குடிக்கிறேன்.

அந்தக் கட்டுரையை இப்போது நானே எழுதிப் பார்க்கிறேன். பகையை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுத முடிகிறதா பார்ப்போம். வடசென்னையில் உன் சின்ன அத்தை அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தாளே, அங்கே போனபோது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியில் படிந்திருந்த சாம்பலில் விரலால் உன் பெயரை எழுதினாய். மறுநாள் போய்ப் பார்த்தால் பெயரின் மேல் புதிய சாம்பல் படிந்திருந்தது. அவள் வெள்ளை வேட்டி எதையும் வெளியே காயப்போட மாட்டாள். கல்பாக்கத்தில் அந்தத் தொல்லை இல்லை. புகை இல்லை, கரி வண்டி இல்லை, சிறிது எரிபொருளில் பெரிய மின்சாரம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அது தன் வேலையைப் பார்க்கிறது. இரண்டு மணி நேர மின்வெட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருட்டில் மின்னியல் நடத்துகிறவன் நான். மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. புதுப்பட்டினத்தையும் பார். நான் பெண்ணெடுத்த காலத்தில் அங்கே மாலையானால் ஒரு டீக்கடைதான் திறந்திருக்கும். இன்று திருநெல்வேலி அல்வாவும் கிடைக்கிறது, நாகர்கோவில் நேந்திரங்காய் வறுவலும் கிடைக்கிறது. தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் சம்பளக்காரர்கள் வந்து குடியேறிய ஊர் அது. உன் மாமாவிடம் கேட்டால், "டவுன்ஷிப்புகாரன் இல்லன்னா வஞ்சிரத்த எவன் இந்த வெலைக்கு வாங்குவான்?" என்பான்.

அதே மாமாதான் அடுத்த மூச்சில், "முன்ன மாதிரி கரையில மீனு இல்ல வாத்யாரே, சுடுதண்ணி வுட்டா எப்டி வரும்?" என்பான். அது சுடுதண்ணீரால்தானா, பெரிய விசைப்படகுகளாலா, அவனூர் வலைகளாலா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் என் முதல் குறை. சாம்பலை விரலால் தொட்டுப் பார்க்கலாம், கதிரியக்கத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. கருவி வைத்திருப்பவர் சொல்வதை நம்ப வேண்டும். கருவி யாரிடம் இருக்கிறது? உலை யாரிடம் இருக்கிறதோ அவர்களிடமே. இரண்டாவது, எரிந்து தீர்ந்த எரிபொருள். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், சரி. நான் போன பிறகும், நீ போன பிறகும், நமக்குப் பின்னால் வருகிற எத்தனையோ தலைமுறைகள் போன பிறகும் யாராவது அதைக் காவல் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாம் விளக்குப் போட்டுக்கொள்வதற்காக இன்னும் பிறக்காதவர்களைக் காவல்காரர்களாக நியமித்துவிட்டோம். மூன்றாவது, கடல். சுனாமி வந்த காலையில் உலை எந்தச் சேதமும் இல்லாமல் நிறுத்தப்பட்டது. அதை மறைப்பவன் நேர்மையற்றவன். ஆனால் அதே காலையில் டவுன்ஷிப் குடியிருப்பிலும் குப்பங்களிலும் மனித உயிர்கள் போயின. கடலோரத்தில் எதைக் கட்டுகிறவர்களும் அந்த இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இப்படி எடை போட்டால் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்பாய். சில நாள் இப்படி, சில நாள் அப்படி. மின்வெட்டு நேரத்தில் ஒரு மாதிரியும், வெளிச்சத்தில் வேறு மாதிரியும் சாய்கிறது. நிற்காத தட்டை நிற்பதாகச் சொல்கிற எவரையும், எந்தப் பக்கத்தவரானாலும், நான் நம்புவதில்லை.

இப்போது நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். அன்று நீ முத்துச்செல்வியின் முகத்தைப் பார்ப்பதிலேயே இருந்தாய். நடந்ததில் பாதியைக் கவனித்திருக்க மாட்டாய். நாள் குறித்தது நான். உன் மாமனார் சுடலைமுத்து, நிலையத்தில் ஃபோர்மேனாக இருப்பவர், ரொம்பப் பணிவாகத்தான் போனில் சொன்னார். "சம்மந்தி, அன்னைக்கு இங்கன அவசரகால ஒத்திகை வச்சிருக்காவ. சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் கதவச் சாத்தச் சொல்லுவாவ. வேற நாளு பாப்பமா?" என்றார். "உங்கள் உலைக்காக என் மகனின் முகூர்த்தம் நகராது" என்று சொல்லிவிட்டேன். இன்றும் சொல்கிறேன், நாள் நல்ல நாள்தான். அதில் நான் பின்வாங்கவில்லை.

புதுப்பட்டினம் மண்டபத்தில் நாம் தட்டு வரிசையை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஜீப் வந்தது. "இது ஒத்திகை மட்டுமே, பொதுமக்கள் பதற வேண்டாம், வீட்டுக்குள் சென்று கதவு ஜன்னல்களை அடைத்துக்கொள்ளவும், மூடி வைக்காத உணவை உண்ண வேண்டாம்" என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே போனது. பின்னாலேயே தாலுகா ஆபீஸ் ஊழியர் ஒருவர் உள்ளே வந்து, எல்லாரும் உள்ளேயே இருங்கள், சாத்துங்கள் என்றார். சமையல்காரர் மாரி கரண்டியோடு ஓடிவந்தார். "சார், சாம்பாரு தொறந்து கீது. கேசரி தொறந்து கீது. துன்னலாமா கூடாதா?" என்றார். "மூடி வெச்சிட்டா துன்னலாம்" என்றார் ஊழியர். "மூடறதுக்கு முன்னாடி தொறந்து இருந்திச்சே, அதுக்கு இன்னா சொல்றீங்க?" அந்த ஊழியருக்கு அதற்கு மேல் சொல்லித் தரப்படவில்லை போலும். "இது ஒத்திகைங்க" என்றார். "அப்ப ஒத்திகையா துன்னுக்கலாமா?" என்றார் மாரி. மண்டபம் முழுக்கச் சிரிப்பு. சுடலைமுத்து மட்டும் சிரிக்கவில்லை. கடமை தவறாதவர், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகப் போய் அடைத்தார். தனபால் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகத் திறந்தான். "காத்து வராம செத்துப்புடுவோம் அண்ணாத்த, ஒத்திகைல நெஜமாவே போய்டுவோம்." "ஒத்திகைன்னாலும் ஒழுங்கா செய்யணும்லா, சட்டம்னா சட்டம்" என்று இவர் மறுபடி அடைத்தார்.

எல்லா ஜன்னலும் அடைத்து முடித்த அந்த நிமிடத்தில் மின்சாரம் போயிற்று. மின்விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இருட்டில் தனபாலின் குரல் வந்தது. "அண்ணாத்த, பக்கத்துலயே கரண்டு செஞ்சிகினு கீறீங்க. நமக்கு ஒரு ஃபேனு சுத்தற அளவுக்கு இன்னா, தூக்குல எடுத்துகினு வரக் கூடாதா?" சுடலைமுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "கரண்டு இங்கன பொறந்தாலும் இங்கன தங்காதுவே. நேரா ஊர்சுத்தப் போயிரும். பொம்பளப் புள்ளையப் பெத்தவன் நெலமதான் எங்களுக்கும்" என்றார். "அப்பா, நான் செங்கல்பட்டுக்குத்தான் போறேன். சாயங்காலம் திரும்பி வந்து சண்ட போடுற தூரம்" என்றாள் முத்துச்செல்வி. அந்தப் பெண்ணின் வாயை நான் கவனிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

அடைத்த மண்டபம், தாம்பாளத்தால் விசிறிக்கொள்ளும் கூட்டம், வெளியே போக வழியில்லை. விவாதத்துக்கு இதைவிட நல்ல இடம் உண்டா? நான் தொடங்கிவிட்டேன். "ஏம்மா, கடைக்காரன் தன் சரக்கைத் தானே எடை போட்டால் யார் நம்புவார்கள்? உலையும் உங்களுடையது, மீனை எரிக்கும் கருவியும் உங்களுடையது" என்றேன். உன் அம்மா என் கையைக் கிள்ளினாள். பெண் வீட்டார் பக்கம் விசிறுவது நின்றது. முத்துச்செல்வி யோசிக்கவே இல்லை. "நம்பாதீங்க மாமா. நம்பாதவங்க வந்து கேட்டாத்தான் எங்களுக்கும் நல்லது. நான் வாங்கற மீன்ல பாதிய வேற எங்க வேணும்னாலும் குடுத்து பாக்கச் சொல்லுங்க. அந்தப் பாதிய உங்க புள்ள சாப்பிடாம இருந்தா" என்றாள். மறுபடி சிரிப்பு. எனக்குத் தோற்பது பிடிக்காது. முப்பது ஆண்டாக யாரிடமும் முழுதாகச் சொல்லாத நேர்முகத் தேர்வுக் கதையை, அத்தனை பேர் நடுவில், இருட்டு தந்த தைரியத்தில் சொல்லிவிட்டேன். கேட்ட கேள்வி, சொன்ன பதில், நான் திருப்பிக் கேட்டது எல்லாவற்றையும்.

முத்துச்செல்வி விசிறிக்கொண்டிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "நீங்க சொன்ன பதில் சரி மாமா. அப்படியே சரி" என்றாள். "கடைசியா நீங்க கேட்டீங்களே, மீன் என்ன ஆகும்னு? இப்ப அதுதான் என் வேலையே. அதப் பாக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தராங்க." எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, எழில். என் கேள்வியை இத்தனை வருஷமாக நான் வெளியே நின்று சுமந்துகொண்டிருந்தேன். அது எப்போதோ உள்ளே போய், பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு, அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, தினமும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது. "அப்படியானால் கேசரி எங்கே?" என்று கேட்டேன். ஒத்திகை முடிந்தது என்று ஜீப் சொல்லிப் போனதும் ஜன்னல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் திறந்தன. கடல் காற்று உள்ளே வந்து தட்டிலிருந்த வெற்றிலையை எல்லாம் பறக்கடித்தது. சுடலைமுத்துவும் தனபாலும் ஒன்றாகக் குனிந்து வெற்றிலை பொறுக்கினார்கள். அப்படி ஒரு நல்ல நிச்சயதார்த்தம் நம் உறவில் யாருக்கும் நடந்ததில்லை. உன் பெரியப்பாவை நான் முதல் பந்தியிலேயே உட்கார வைத்தேன். அவருக்கு உறைத்ததா தெரியவில்லை.

ஆனால் கிளம்பும்போது முத்துச்செல்வி என் பக்கத்தில் வந்து மெதுவாக, "நீங்க சொன்னபடி வேலைய விட்டுடறேன் மாமா, கவலப்படாதீங்க" என்றாள். அவ்வளவு பேர் நடுவில் என்னை மடக்கியவள், இதற்கு மட்டும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதுவே உறுத்தியது. சண்டை போடத் தெரிந்தவள் என் வீட்டுக்கு வருவதற்காகச் சண்டையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிறாள். நானாகப் போய் நிபந்தனையை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வீம்பு விடவில்லை. யாராவது கேட்டால் சொல்லலாம் என்று வாரக்கணக்கில் காத்திருந்தேன். நேற்று நீ கேட்டாய். அதுதான் சிரித்தேன்.

போனை வைத்த பிறகு உன் அம்மா அரிவாள்மனையை ஓரமாக வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அந்தப் பொண்ணு வெளிய வந்துட்டா அந்தச் சீட்டு காலியாவா கெடக்கும்? வேற எவனாவது வந்து குந்துவான். அவன் ஒங்கள மாதிரி மீனு இன்னா ஆவும்னு கேப்பானா? உள்ளாற கேக்கறவ ஒருத்தி இருந்தா, அவளையும் வெளிய இழுத்துப் போட்டுட்டு, அப்பறம் உள்ள யாரும் கேக்கறதில்லன்னு நீங்களே மேடை போட்டுக் கத்துவீங்க" என்றாள். எம்.எஸ்ஸி. படித்தவன் நான், அவள் பத்தாவது. எழுந்து போய்க் காகிதமும் பேனாவும் எடுத்துவந்தேன்.

ஆகவே, வேண்டாம். அவள் கடிதம் கொடுக்க வேண்டாம். நிபந்தனையை நான் எடுத்துக்கொள்கிறேன். இது அவளுக்கு நான் செய்யும் சலுகை என்று சொல்லிவிடாதே. அவள் வேலையில் எனக்கு நிபந்தனை போட ஒரு நாளும் உரிமை இருந்ததில்லை. குடியிருப்பில் அவள் பேரில் வீடு கிடைத்தால் நீ அங்கே போய் இரு. மருமகள் பேரிலிருக்கும் வீட்டில் மகன் குடியிருக்கிறானாமே என்று உன் பெரியப்பா கேட்பார். கேட்கட்டும், பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன். பால் காய்ச்சும் நாளில் அம்மாவும் நானும் வருவோம். அந்தக் குடியிருப்பின் வாசலை நான் இதுவரை மிதித்ததில்லை. இடது காலை எடுத்து வைத்தாலும் வலது காலை எடுத்து வைத்தாலும் உன் அம்மா ஏதாவது சொல்வாள், அதனால் குதித்து உள்ளே போகலாம் என்று இருக்கிறேன்.

ஆனால் ஒன்று. பகையை விட்டேன், சந்தேகத்தை விடவில்லை. அடுத்து எப்போது அங்கே கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பந்தல் போட்டாலும் நான் குப்பத்து ஆட்களோடு போவேன். தனபால் வருவான். மைக்கைப் பிடித்து, தீர்ந்த எரிபொருளை யார் காப்பார்கள், சுடுதண்ணீர் எவ்வளவு தூரம் போகிறது, பக்கத்து ஊர்க்காரனுக்கு நிரந்தர வேலை எத்தனை என்று வரிசையாகக் கேட்பேன். பதில் சொல்கிற பக்கத்தில் முத்துச்செல்வி உட்கார்ந்திருந்தால், மாமனாராயிற்றே என்று குரலைக் குறைக்கக் கூடாது. தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்ல வேண்டும். தெரியாது என்று அவள் எத்தனை தடவை சொல்கிறாளோ அத்தனை தடவை நான் கை தட்டுவேன். கூட்டம் முடிந்து மூவரும் ஒரே வண்டியில் வீட்டுக்கு வருவோம். நானும் அவளும் பின் இருக்கையில் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வருவோம். நீ வண்டியை ஓட்டு. நடுவில் வாயைத் திறக்காதே.

அன்புடன்,
அப்பா